குசினி வாசலால் வந்த அங்கத்தவர்

உப்புவெளி
14.3.1979

அன்பு மகன் யோகேந்திரனுக்கு அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சியும் சுகம், பஹ்ரெய்ன் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே உன் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பத்துப் பணியாட்களைப் பழக்கும் வேலை உன் கையில் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டா. எனக்கோ எங்கள் பழைய துறைமுகக் கிளப்தான் கண்ணுக்குள் வந்தது. செயலாளர் துரை எங்களை விறாந்தையில் வரிசையாக விட்டு, தட்டத்தில் எட்டுக் கிளாஸ் தண்ணீரோடு நடக்க வைப்பார், ஒரு சொட்டுச் சிந்தினாலும் முதலிலிருந்து நடக்க வேண்டும். சாப்பாட்டை இடப்பக்கத்தால் கொடு, வெறுங்கோப்பையை வலப்பக்கத்தால் எடு, அங்கத்தவர் பேசாமல் வாய் திறவாதே என்பார். வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக நின்ற அந்தக் காலம் இனி எனக்கு வராது.

அங்கத்தவர் ஒருவரை வாசலில் மறித்த ஆளை வேலையால் நிற்பாட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாசித்ததிலிருந்து என் மனம் சரியில்லை. உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. வெள்ளைக்காரக் கடற்படை நம் துறைமுகத்தை விட்டுப் போன அடுத்த வருடம், 1958இல், வேட்டியோடு சைக்கிளில் வந்த ஒருவரைச் சாமான் கொண்டுவந்தவர் என்று நினைத்து, பின்பக்கம் சமைக்கிற குசினி வாசலால் வரச் சொன்னேன். அவர்தான் எங்கள் முதல் தமிழ் அங்கத்தவர், எஞ்சினியர் ஆனந்தராசா. நம்மவரும் முன்வாசலால் வருவார்கள் என்று எனக்கு ஒருவரும் பழக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் குசினிக்குள்ளால் நடந்துவந்து சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்தார். அன்று நான் தண்ணீரைச் சிந்தினேன். அவர் துரையிடம் முறையிடவில்லை. மாற்றலாகிப் போகும்வரை ஆறு வருடமும் குசினி வாசலால்தான் வந்தார், எங்கள் எல்லோரையும் சுகம் கேட்டுக்கொண்டு. நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை, பணியாள் முதலில் பேசக் கூடாதே.

போன ஞாயிறு அவர் தடியை ஊன்றிக்கொண்டு நம் படலையடியில் வந்து நின்றார். "பாக்கியம், பின்பக்கத்தால வரட்டோ?" என்று சிரித்தார். கையைப் பிடித்து முன்வாசலால் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். "அண்டைக்கு நான் செய்தது பிழை ஐயா" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தேத்தண்ணியை எந்தப் பக்கத்தால் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை என்று அம்மா எழுதச் சொன்னா. கோணேசர் உனக்குத் துணை. அந்த ஆளை அனுப்பிவிடாதே ராசா. அந்த அங்கத்தவரிடம் நீயே கூட்டிக்கொண்டு போய், நாளைக்கே மன்னிப்புக் கேட்க வை. உன் அப்பாவுக்கு இருபத்தொரு வருடம் எடுத்தது.

உன் அப்பா
சி. பாக்கியரத்தினம்