கல்லில் வெட்டாத நட்சத்திரம்

என் உயிரான அம்மாவுக்கு,

உனக்கு அங்கே செய்தி வந்து சேர்ந்ததா, தெரியவில்லை. வானத்தில் உன் பேரில் ஒரு நட்சத்திரம் இருக்கிறதாம். சிரிக்காதே. தம்பி அருள்தான் சென்னையிலிருந்து இன்டர்நெட்டில் காசு கட்டி வாங்கினான். நீ போய் ஒரு வருடம் நிறைவதற்கு முன் கூரியரில் வந்தது: ஓரமெல்லாம் தங்க நிறம் போட்ட சான்றிதழ், அதில் லூர்து மேரி என்று உன் பெயர், கீழே நீளமாக ஓர் எண்.

ஜவுளிக்கடையில் நூலை உருவிப் பார்க்காமல் ஒரு முழம் துணி எடுக்காதவள் நீ. உன் மகன் நட்சத்திரத்தையே பார்க்காமல் வாங்கிவிட்டான்! ஆனால் அப்பாவை நீ பார்த்திருக்க வேண்டும். நீ போன பிறகு வாய் திறக்காத மனுசன், அந்தக் காகிதத்தைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். விடியும் முன்பே நிலக்கோட்டையிலிருந்து மல்லிகைப்பூ வேனை ஓட்டிப் பழகியவர் அல்லவா, விடிவெள்ளி மாதிரி ஒன்று உன் பேரில் மின்னுகிறது என்றே நம்பினார்.

அதோடு நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். கல்லறைத் திருநாளுக்குள் உனக்குப் பளிங்குக் கல் பதிக்க ஏற்பாடு. கல் வெட்டுகிறவரிடம் கொடுக்க அப்பா எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். உன் பெயர், பிறப்பு, இறப்பு, அதற்கும் கீழே அந்த நட்சத்திர எண்.

"கோயிலுக்கு பெஞ்சு வாங்கிக் குடுத்தா பேரு எழுதுறாகள்ல, அது மாதிரிதான். கல்லுல இருந்தா நாளைக்குப் பேரப்புள்ளைக தேடிப் பாக்கும்ல?" என்றார்.

எனக்கு எங்கேயோ உதைத்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் டெலஸ்கோப்பில் வானம் காட்டும் கல்லூரி இயற்பியல் ஆசிரியர் ஒருவரைத் தேடிப் போய்ச் சான்றிதழை நீட்டினேன். வாசித்துவிட்டுத் தயங்கினார்.

"எதுன்னாலும் சொல்லுங்க சார்."

"இந்தப் பேரு வித்தவங்க நோட்டுல மட்டும்தாம்மா இருக்கும். வானத்த ஆராயுறவங்க யாரும் இந்தப் பேரச் சொல்ல மாட்டாங்க. அவங்க சங்கம் பேர விக்கிறதே கிடையாது. இதே நட்சத்திரத்த வேற கம்பெனி வேற ஆளுக்கு வித்தாலும் கேக்க நாதியில்ல. வெறுங்கண்ணுக்கும் இது தெரியாது."

"அப்ப ஏமாத்தா?"

"பரிசா ஒரு அழகான காகிதம்னு தெரிஞ்சு வாங்குனா ஏமாத்து இல்ல. வானத்துலயே எழுதியாச்சுன்னு நம்புனா, அங்கதான் தப்பு."

இந்தப் பேரை யார் ஒப்புக்கொள்வார்கள், கண்ணுக்குத் தெரியுமா, இன்னொருவருக்கும் விற்பீர்களா? காசு கட்டும் முன் நீயாக இருந்தால் இதையெல்லாம் கேட்டிருப்பாய். அருளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை எந்தக் கேள்வியைத்தான் கேட்கும்?

அப்பாவிடம் சொல்லத் தைரியமில்லை. உன் தலைமாட்டில் ஒரு பொய்யை வெட்டி வைக்கவும் மனம் ஒப்பவில்லை. கல் வெட்டுகிறவர் வேறு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். கடைசியில் சார்தான், "அப்பாவக் கூட்டிட்டு வாங்க, அவரே பாக்கட்டும்" என்றார்.

தாடிக்கொம்பு தாண்டி, ஊர் விளக்கு எட்டாத ஒரு தரிசுக்குப் போனோம். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஐப்பசி மேகம் விலகியதும் சார் சிலுவை போலத் தெரிகிற ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினார். அதன் ஓரத்தில் காலியாகக் கிடந்த ஓர் இருட்டுக்கு டெலஸ்கோப்பைத் திருப்பினார். அப்பா குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஆத்தாடி! ஒண்ணுமில்லாத எடத்துல இம்புட்டா?"

நானும் பார்த்தேன். அம்மா, எப்படிச் சொல்வேன்? கறுப்புச் சேலையில் பொடி உப்பைச் சிந்தினாற்போல் அத்தனை நட்சத்திரங்கள். அதில் சிலவற்றின் வெளிச்சம் நம் ஊர் மலைக்கோட்டை கட்டுவதற்கு முன்பே கிளம்பியதாக இருக்கலாமாம். அவ்வளவு காலம் வழியில் எங்கேயும் நிற்காமல் வந்து என் கண்ணில் விழுகிறது! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த வானத்தின் எதிரே அந்தக் காகிதத்தின் மேல் கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

"இதுல எங்க மேரி எது சார்?"

"நடுவுல மங்கலா ஒண்ணு தெரியுதுல்லங்கய்யா, அதுதான். ஆனா அதுக்கு அந்தப் பேரு கிடையாதுங்க." சார் எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துச் சொன்னார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா மறுபடியும் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, "இம்புட்டுப் பெருசுக்குப் போயி நாம பேரு வைக்கிறதாக்கும்" என்றார்.

மறுநாள் இருவரும் கல் வெட்டுகிறவரிடம் போனோம். சீட்டில் இருந்த எண்ணை அப்பாவே அடித்தார்.

"அப்ப அந்த எடத்துல வேற என்னண்ணே வெட்டணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா விடு. நான் வாரப்ப என் பேருக்கு ஆகும்."

கல் பதித்தாயிற்று, அம்மா. அருளிடமும் சொல்லிவிட்டேன், போனிலேயே அழுதான். வீட்டுச் சுவரில் மாட்டிய சான்றிதழை அப்பா கழற்ற விடவில்லை, மகன் ஆசையாகக் கொடுத்தது என்கிறார். உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது பார்த்தேன், உன் பெயருக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்குப் பளிங்கு வெறுமையாக இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்து, என்னால் முடிந்த மட்டும் அந்த இடத்தை வெறுமையாகவே வைத்திருப்பேன். அவரைக் கூப்பிட நீயும் அவசரப்படாதே.

உன் வயிற்றில் முதலில் பிறந்தவள்,
செல்வி