என் பேரில் ஒரு நம்பர்

5.2.2007, திங்கள். பனி. மிளகு பாதிதான் காய்ந்திருக்கிறது.

பென்ஷன் மனுவோடு தாலுகா ஆபீஸில் நான் கொடுத்த போட்டோவையும் ரேஷன் கார்டு ஜெராக்ஸையும் வைத்து, எவனோ என் பேரில் செல்போன் சிம் வாங்கியிருக்கிறான். அந்த நம்பரிலிருந்து அடிவாரத்து மிளகுக்கடை பாயின் மகளுக்கு அசிங்கப் பேச்சு, மிரட்டல். என்னிடம் போனே கிடையாது. போலீஸ்காரர் வந்து சொல்லித்தான் தெரியும்.

நாளை ஸ்டேஷன். ஆட்டுக்குக் கால் வீக்கம், மஞ்சள் பற்று. உப்பு வாங்க.

6.2.2007, செவ்வாய். நல்ல வெயில்.

முதல் பஸ். கொண்டை ஊசி வளைவில் வாந்தி.

எஸ்.ஐ. சிம் வாங்கிய பாரத்தைக் காட்டினார். என் முகம்தான். இடது கண் வீங்கி மூடியபடி. வாழ்நாளில் நான் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ. அன்று காலை தேனீ கொட்டியிருந்தது. வீக்கம் வடியட்டும் என்றேன். மனுக் கொடுக்க இன்றே கடைசி நாள் என்றார் ஆபீஸ் கிளார்க். மூன்று பிரதி. மூன்றையும் அவரே வாங்கிக்கொண்டார். வீட்டில்கூட ஒன்று இல்லை.

கீழே கட்டைவிரல் ரேகை. அதுதான் பொறுக்கவில்லை. பஸ் போர்டையும் மிட்டாய்த் தாளையும் பார்த்து நானாக எழுதப் படித்தவள்.

ஏட்டு சிரித்தார். "மலைக்காரங்கன்னாவே கைநாட்டுத்தானுங்க ஆயா."

"ஒரு பேப்பர் குடு சாமி," என்றேன். பேர், ஊர், எங்கள் மலைப்பகுதி அரியூர் நாடு எல்லாம் எழுதி, அடியில் கையெழுத்து.

எஸ்.ஐ. உற்றுப் பார்த்தார். "இது முன்னாலயே போடுவீங்களா, இப்பப் பழகுனீங்களான்னு வெளியாள் ஒருத்தர் சொல்லோணுமுங்க."

ரேகையை அனுப்பினால் பதில் வர மாசக்கணக்காகுமாம். அதுவரை வாராவாரம் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். கைநாட்டுக்காரிக்கு வாராவாரம் கையெழுத்து!

பாய் பேரைச் சொன்னேன். மிளகு விற்கும்போதெல்லாம் அவர் கண்ணெதிரேதான் கணக்கு நோட்டில் கையெழுத்துப் போடுகிறேன். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வரவில்லை.

கடைக்கே போனேன். எப்போதும் ஸ்டூல் போட்டு டீ சொல்லும் மனுசன் தராசுத் தட்டையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"புள்ள சோறு திங்க மாட்டேங்குதுங்கக்கா. பாரத்துல உங்க மூஞ்சி இருக்குது. நான் என்னன்னு வந்து சொல்லுவேன்?"

"நான் கையெழுத்துப் போடுறவள்னு சொல்லுங்க பாய். வேற ஒன்னும் வேண்டாம்."

தராசைத் தூக்கி உள்ளே வைத்தார். காய்ந்த மட்டும் கொண்டுபோன மிளகுப் பையையும் வாங்கவில்லை. மடியில் வைத்தே மலை ஏறினேன். உப்பு மறந்துபோச்சு.

7.2.2007, புதன். மூட்டம்.

ஆபீஸ். அதே கிளார்க். கட்டடம் மாறியபோது பழைய மனுக்கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

"பழைய பேப்பர்காரருக்குத்தானுங்க போட்டோம். வேற யாருக்கும் குடுக்கலீங்க."

பென்ஷன் என்ன ஆச்சு என்றேன். அந்த மனுவும் கட்டோடு போச்சாம். புதிதாக எழுதித் தர வேண்டுமாம். போட்டோ மூன்று.

அரசாங்கம் என்று நம்பித்தானே முகத்தைக் கொடுத்தேன். எதிரே வட்டிக்கடைக்காரன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா?

அன்று என்னோடு மனுக் கொடுத்தவர்கள்: பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு, பூசாரி, பூசாரியின் அக்கா. இவர்கள் முகம் இப்போது எவன் கையிலோ. சின்னப்பொண்ணுக்குச் சொன்னேன். "என் மூஞ்சிய வச்சு எவன் என்ன பண்ணுவான்," என்று சிரிக்கிறாள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

8.2.2007, வியாழன். குளிர். ஆட்டுக்கால் தேவலை.

ஆக வேண்டியது:

கிளார்க்: மனுக்கட்டை எடைக்குப் போட்டது உண்மை என்று எழுதி, சீல் வைத்து. வாய்ப்பேச்சு செல்லாது.

எஸ்.ஐ.: பழைய பேப்பர்காரனையும் சிம் விற்றவனையும் கூப்பிட்டுக் கேட்க. ரேகையை உடனே அனுப்ப.

போன் கம்பெனி: அந்த நம்பரை நிறுத்த. என் பேரில் வேறு நம்பர் உண்டா என்று பார்த்து எழுத்தில் தர.

பூசாரி, அவர் அக்கா, சின்னப்பொண்ணு: அவரவர் பேரிலும் கேட்டுப் பார்க்க. சிரித்தாலும் கூட்டிப் போக வேண்டும்.

ஊரார் எல்லோரும்: ஜெராக்ஸ் கொடுத்தால் குறுக்கே இரண்டு கோடு, எதற்கு, யாருக்கு, என்ன தேதி என்று அதன் மேலேயே எழுத. கெட்டுப்போன பிரதியைக் கடையில் விடாமல் கொண்டுவந்து அடுப்பில் போட. எழுதத் தெரியாதவர்களுக்கு நான்.

நான்: வாராவாரம் போய்க் கையெழுத்து. முழுப் பேர், ஊர் பேரோடு. ஏட்டு பார்க்கிற மாதிரி. புதுப் போட்டோ கிடையாது, பழைய மூன்றும் திரும்பி வரும்வரை.

பாய்: ஸ்டேஷன் வரை நடந்து, இவள் கையெழுத்துப் போடுகிறவள் என்று ஒரு வார்த்தை. நான் இல்லாத நாளாகப் பார்த்துப் போனாலும் சரி.