லான்ட்ரி டீச்சருக்குக் காபி

அன்பு மகளே,

பள்ளிகளை இணைத்த நினைவாக மாதக் கடைசியில் நடக்கும் பள்ளி விழாவுக்கு வருவாயா என்று நீ இன்னும் சொல்லவில்லை. தொலைபேசியையும் எடுப்பதில்லை. நேற்று உன் பழைய வகுப்பு லான்ட்ரி டீச்சர் ஊன்றுகோலோடு நம் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

கறுப்பர் பள்ளியை மூடி உங்களை வெள்ளையர் பள்ளியில் சேர்த்த முதல் நாள் உனக்கு மறந்திருக்காது. பெயர் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும், உட்காரச் சொன்ன பிறகே உட்கார வேண்டும் என்பது கன்னியர் மடப் பள்ளியில் நான் கற்றது. உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். சாயங்காலம் கால் வீங்கி வந்தாய்.

"டீச்சர் உக்காருன்னு சொல்லவே இல்லம்மா."

நேற்று அவள், "மேடைல உங்க பொண்ணு என் பக்கத்துல உக்காருவாளா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு அவ நின்னத நீங்க பார்க்கலயா?"

"பார்த்தேன். பிள்ளைங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

லூசியானாவில் யார் வீட்டு வாசல் ஏறினாலும் காபி உண்டு. என் வீட்டில் காபி இல்லாமல் திரும்பிய முதல் ஆள் அவள்தான். அவளுக்கும் அது புரிந்தது, மெதுவாகப் படியிறங்கினாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பதில் கேட்க மறுபடி வருகிறாள். எனக்குத் தூக்கமே இல்லை. நின்றவள் நீ. அடுப்பில் தண்ணீர் வைக்கலாமா, வேண்டாமா என்று நீயே சொல்.

உன் அம்மா