உண்மை விரும்பிக்கு ஆதவனைப் பிடிக்கும்

ஜூன் 6, வியாழன்

யாரோ தெரிந்தவர்தான் என் கதையைப் படிக்கிறார். இன்றைக்கு உறுதியாகிவிட்டது.

கதை ஆப்பில் 'வெண்மதி' என்ற பெயரில் தொடர் எழுதுவது நான்தான் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. கொளஞ்சி என்ற என் சொந்தப் பெயரில் காதல் கதை போட்டால் எவள் படிப்பாள்? அதில் 'உண்மை விரும்பி' என்று ஒரு வாசகர். அத்தியாயம் போட்ட கையோடு வந்து நிற்கிறார். இன்றைக்கு எழுதியிருக்கிறார்: "நாயகி செய்யும் சுறாப்புட்டில் கடைசியில் துருவிய தேங்காய் தூவ வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம்."

எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான். என் வீட்டுக்காரராக இருக்குமோ? செம்பியன் வாட்ஸப்பையே முழுசாகப் படிக்க மாட்டாரே.

ஜூன் 9, ஞாயிறு

நாயகன் ஆதவனைக் கொஞ்சம் கத்தவிட்டுப் பார்த்தேன். காடாம்புலியூர் முந்திரித்தோப்புக்கு நடுவில் மாட்டு டாக்டராக இருப்பவன், ஒரு நாளும் கோபப்படாதவன். மற்றவர்கள் கதையில் நாயகன் அறைகிறான், வாசகிகள் குவிகிறார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. "வாயை மூடு" என்று ஒரே ஒரு வார்த்தைதான் பேசவைத்தேன்.

உண்மை விரும்பி உடனே: "ஆதவன் பெண்களிடம் குரல் உயர்த்தாதவர். அந்த வரியை நீக்கவும். மனம் வேதனைப்படுகிறது."

நீக்கிவிட்டேன். ஏன் நீக்கினேன்? யாரென்று தெரியாத ஆளுக்கு எதற்கு இந்தப் பயம்?

செம்பியனிடம் போட்டு வாங்கிப் பார்த்தேன். "உண்மை விரும்பின்னு யாராவது தெரியுமா?"

"எந்தக் கட்சி?" என்றார். இவர் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

செம்பியனின் தங்கை சிந்துஜா திடீரென்று வந்து நிற்கிறாள், காட்டுமன்னார்கோயிலில் புகுந்த வீட்டிலிருந்து. புருவத்துக்கு மேல் தையல். மோட்டார் சுவிட்சை அணைக்க மறந்தாளாம். டம்ளரைத் தூக்கி வீசியிருக்கிறான், கட்டினவன்.

மாமா, அவளைப் பெற்றவர், பேப்பரை மடிக்கக்கூட இல்லை. "எவன் ஊட்டுலதான் சண்ட இல்ல? ரெண்டு நாளு இருந்துட்டுக் கெளம்பு. நாலு பேரு என்னா பேசுவான்?" சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். உயிரோடு இருந்தவரை இந்தக் கத்தலையெல்லாம் அத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்போது நாங்கள்.

ஜூன் 12, புதன்

சிந்துஜா சாப்பிடவில்லை. "அப்பாகிட்ட யாரு பேசறது" என்று செம்பியன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 14, வெள்ளி

மாமா போனை நீட்டினார். "எழுத்தெல்லாம் சின்னதாப் பூட்டுது. பெருசு பண்ணிக் குடும்மா."

திரையில் என் கதை. ஓரத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர். உண்மை விரும்பி.

எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தேன். "கதையெல்லாம் படிப்பீங்களா மாமா?"

"இது ஒண்ணுதாம்மா. அந்த ஆதவன் இருக்கான் பாரு, அப்பிடியே நாந்தான். இப்ப எவன் இருக்கான் அந்த மாரி?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனசார நம்பிச் சொன்னார்.

ஜூன் 15, சனி

வீட்டில் இல்லாத ஆண்பிள்ளையைத் தேடித்தான் பெண்கள் இந்தக் கதைகளைப் படிக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் எழுதுவதும் அதற்குத்தான். இவர் எதைத் தேடுகிறார்? படிக்கிற நேரம் மட்டும் நல்லவராக இருந்துவிட்டு வருகிறாரா? இல்லை, நல்லவன் கதையைப் படித்தாலே நல்லவன் ஆகிவிட்ட கணக்கா?

எதுவானாலும் சரி. அவருக்கென்றே ஒரு அத்தியாயம் எழுதப் போகிறேன். ஆதவனின் தங்கை அடிபட்டு வருகிறாள். ஆதவன் கதவைத் திறந்து, "இது உன் வீடு, நீ எங்கேயும் போக வேண்டாம்" என்கிறான். சிந்துஜாவைத் திருப்பி அனுப்பாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

ஜூன் 16, ஞாயிறு

போட்டேன். மாமா ஹாலில் உட்கார்ந்து படித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் என் போனில்: "கண்ணீர் விட்டேன் சகோதரி. அண்ணன் என்றால் இவன்தான் அண்ணன்."

அடுப்படியில் நின்று கொளஞ்சியப்பரைக் கும்பிட்டேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "சிந்துஜா, காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்பு. மாப்ளகிட்ட சொல்லிட்டேன்."

ச்சீ. என்னா மனுஷன் இவரு? அழுதாரே, நான் பாத்தனே. யாருக்காவ அழுதாரு? பெத்த பொண்ணு பக்கத்து ரூமுல தையலோட உக்காந்துருக்கா, அவளுக்கு ஒரு சொட்டு இல்ல. நான் மட்டும் என்னா ஒழுங்கு? ஆதவனப் பேச உட்டுட்டு நான் அடுப்படியில நின்னுகினு இருந்தேன்.

ஜூன் 17, திங்கள்

செம்பியன்தான் அவளை பஸ் ஏற்றிவிட்டார். வாசலில் நின்று கையாட்டினேன். உள்ளே வந்தால் இருப்புக்கொள்ளவில்லை. போன் போட்டேன்.

"சிதம்பரத்துல எறங்கி அங்கியே இரு. அடுத்த பஸ்ஸு ஏறாத. நான் வரேன்."

"அப்பா என்னா சொல்லுவாரு அண்ணி?"

"நான் பேசிக்கிறேன்."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மாமா வாசலை மறித்து நின்றார். "யாரக் கேட்டுக் கூட்டியாந்த?"

"யாரையும் கேக்கல மாமா. இவ இங்கதான் இருப்பா. நவுருங்க."

ஆதவன் மாதிரி அமைதியாக, அழகாக எல்லாம் வரவில்லை. குரல் கீச்சென்று உடைந்தது, தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் நகர்ந்தார்.

ஜூலை 7, ஞாயிறு

சிந்துஜா மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். தையல் பிரித்தாயிற்று. மாமா எங்கள் இருவரிடமும் பேசுவதில்லை. நான் கதையைத் தொடவே இல்லை.

மத்தியானம் போனில் ஒரு மெசேஜ் வந்தது. உண்மை விரும்பி.

"சகோதரி வெண்மதி, நலமா? ஏன் எழுதுவதில்லை? என் வீட்டில் பெண்கள் எதிர்த்துப் பேசுகிறார்கள். ஆதவன் ஒருவன்தான் எனக்கு ஆறுதல். விரைவில் எழுதவும்."

பக்கத்து அறையில் இருந்துதான் அனுப்பியிருக்கிறார். பதில் போடவில்லை. காபி கலந்து கொண்டுபோய் வைத்தேன். நிமிர்ந்து பார்க்காமல் எடுத்துக் குடித்தார்.