எசன் கூட்டத்தை நிறுத்தியது நான்தான்

ஹம், ஜேர்மனி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சஞ்சயனுக்கு,

நீ நல்லாயிருக்கிறாய் என்பதை உன் வீடியோக்களைப் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறோம். முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, நித்திரை போதாது போல. இங்கே அப்பாவும் தங்கச்சி தர்மிகாவும் நானும் அம்பாளின் தயவில் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் இந்த வீட்டில் இப்போது சுகம் இல்லை, அதற்குக் காரணம் நீ. போனில் நான் இரண்டு வசனம் பேசினால் மூன்றாவதில் நீ வெட்டிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், தாளை இடையில் வெட்ட உன்னால் முடியாது. தர்மிகா இதை இன்றே படம் எடுத்து உனக்கு அனுப்புவாள், கடிதம் ஆறுதலாகப் பின்னால் வரட்டும். கடைசிவரை வாசி. கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது, கேட்க எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் கேட்கவேண்டும்.

முதலில் இதைத் தெரிந்துகொள். எசனில் தமிழ்ச் சங்கம் உனக்காக ஒழுங்கு செய்த கூட்டத்தை நிறுத்தியது நீ நினைப்பதுபோல் அம்புறோஸ் மாஸ்டர் இல்லை, நான்தான். போன கிழமை வீடியோவில் எசனில் ஒரு பழைய வாத்தியாருக்கு வயிற்றெரிச்சல் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, பெயர் சொல்லாவிட்டாலும் அது யார் என்று இங்கே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அந்த மனுசன் தமிழ்க் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார் என்று கேள்வி. உன்னைத் திட்டி எழுதுகிறவர்கள் எல்லாரும் எரிச்சல் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இந்த முறை எரிந்தது உன்னைப் பெற்ற வயிறு.

நடந்ததைச் சொல்கிறேன். முதியோர் இல்லத்துக் குசினியில் என்னோடு ஹலீனா என்று உக்ரேன் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள், நீ அவளைப் பார்த்ததில்லை. அவள் வந்து சேர்ந்த நாளிலிருந்து நானும் அவளும் ஒரே மேசையில்தான் மரக்கறி வெட்டுகிறோம். இரண்டு பேருக்கும் இந்த நாட்டு மொழி டொச் அரைகுறைதான், அதனால் ஒருத்தி பேசுவது மற்றவளுக்கு நன்றாக விளங்கும். அவளுக்கு ஒரே மகன், பெயர் ஒஸ்தாப், லிஃப்ட் திருத்தும் வேலை செய்தவன். சண்டை தொடங்கியதும் படையில் சேர்ந்தான், ரஷ்யர்கள் பிடித்துவைத்திருந்த ஒரு கிராமத்தைத் திருப்பிப் பிடிக்கப் போனபோது செத்துப்போனான். இவ்வளவும் எனக்கு முதலே தெரியும். எந்தக் கிராமம் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஒரு நாள் காலை இடைவேளையில் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, என் மகன் கனடாவில் இருக்கிறான், போர்களைப் பற்றித் தமிழில் விளக்கம் சொல்கிறான், இலட்சக்கணக்கில் சனம் பார்க்கிறது என்று நான் பெருமையாகச் சொன்னேன். எனக்கே உன் பேச்சில் பாதி விளங்குவதில்லை, ஆனாலும் பெருமைதான். எங்கே காட்டு என்றாள். போனைக் கொடுத்தேன். அவளே கீழே டொச் எழுத்து வரும்படி செய்துகொண்டாள். முதலில் உன் தாடியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நீ வரைபடத்தை விரித்து, கிரிக்கெட் ஸ்கோர் போல மேலே தாக்கியவர் இழப்பு, கீழே காத்தவர் இழப்பு என்று போட்டு, மூன்றுக்கு ஒன்று, இது நட்ட வியாபாரம் என்று சொல்லி, அந்தக் கிராமத்தின் பெயரையும் சொன்னாய். நீ சொன்ன விதத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவருக்கும் அது விளங்கியிராது. எழுத்தில் பார்த்துத்தான் அவளுக்கு விளங்கியது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பிப் போடு என்றாள். திருப்பிப் போட்டேன்.

அவளுடைய மகனின் பக்கத்துக்குத் தாக்கியவர் என்று எழுத்து வந்தது. அந்த ஊரைப் பிடித்துவைத்திருந்தவர்களுக்கு ஃபெர்டைடிகர் என்று வந்தது. காப்பவர் என்பதற்கு இங்குள்ள சொல் அதுதான் என்று எனக்கு விளங்க வகுப்புக்குப் போகவேண்டியிருக்கவில்லை, நீ சின்னவனாக இங்கே பந்து விளையாடியபோது பயிற்சியாளர் உன்னைப் பின்னுக்கு நிறுத்திவிட்டு அதைச் சொல்லித்தான் கத்துவார். ஹலீனா சத்தம் போடவில்லை. அங்கே எங்கள் வீடு, ரஞ்சினி, என்றாள். என் மகன் பிறந்த வீடு, அவன் வீட்டுக்குப் போனான், வீட்டுக்குப் போனவன் தாக்கியவனா, எங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு அவனைச் சுட்டவன் காப்பவனா, அவன் எதைக் காத்தான், உன் மகனிடம் கேட்டுச் சொல் என்றாள். அதற்குள் சாப்பாடு அனுப்பும் நேரமாகிவிட்டது, அவள் எழும்பிப்போய் எல்லாத் தட்டுகளிலும் குழம்பு ஊற்றினாள், ஒரு துளி வெளியே சிந்தவில்லை. அடுத்த நாள் என் மேசைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் தானாக வந்து, ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல், முடிந்தால் அந்த வீடியோவில் வரும், மேலேயிருந்து எடுத்த வயல் படத்தையும் எடுத்துவிடச் சொல் என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். உன்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை.

உனக்குப் போன் எடுத்தேன். நீ என்ன சொன்னாய் என்று மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அம்மா, அது துறைச் சொல், ஆர் நிலத்துக்குச் சொந்தக்காரர் எண்டது இல்லை, ஆர் பதுங்குகுழிக்குள்ள இருக்கினம், ஆர் வெளியால இருந்து வாறினம் எண்டதுதான், எல்லா இராணுவக்காரரும் அப்பிடித்தான் எழுதுவினம், ஒரு ஆளுக்காக மாத்த ஏலாது என்றாய். சரி, உன் கணக்கும் சரியாயிருக்கலாம், உன் சொல்லும் சரியாயிருக்கலாம், அதைப் பற்றி உன்னோடு வாதாட எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் அடுத்த வீடியோவில் நீ என்ன செய்தாய்? ஜேர்மனியில இருந்து ஒரு அம்மா போன் எடுத்து அழுதவா, அம்மாமாரே, கணக்குக்குக் கண்ணீர் தெரியாது என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடிய நகைக்கடை விளம்பரம் போனது. அந்த ஒரு அம்மா நான்தான் என்று உன் சனத்துக்குச் சொல்ல உனக்கு வெட்கமாயிருந்ததா? நான் அழவும் இல்லை. கத்தினேன். அதையாவது சரியாகச் சொல்லியிருக்கலாம்.

இலங்கையில் நடந்த எங்கள் சண்டையைப் பற்றியும் ஒரு வீடியோ போட்டிருக்கிறாய், ஒரு இராணுவ முகாம் அடிபாட்டை எடுத்து அதே போல மேலே ஒரு எண், கீழே ஒரு எண். அந்த அடிபாட்டில் என் தம்பி யோகன் காயக்காரரை ஏற்றி இறக்க உழவு இயந்திரம் ஓட்டப் போனவன், திரும்பி வரவில்லை. இரண்டு பக்கத்து வானொலியும் அன்று தங்கள் தங்கள் கணக்கைச் சொன்னது, அவன் இரண்டிலும் இல்லை. உன் மாமன் எந்தப் பெட்டிக்குள் வருவான் என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பெட்டி கீறியிருப்பாய்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த அடுத்த சனிக்கிழமை எசனுக்குப் போனேன். அப்பா வரமாட்டேன் என்றார், தனியாகப் போனேன், டோட்முண்டில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், பேருந்தில் ஏறி அலைந்து ஒரு மாதிரிப் போய்ச் சேர்ந்தேன். சங்கத் தலைவர் நாகமுத்து அண்ணையின் வீட்டில் அம்புறோஸ் மாஸ்டரும் இருந்தார். விசயத்தைச் சொன்னேன். நாகமுத்து அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு, தங்கச்சி, நோட்டீஸ் அடிச்சாச்சு, மண்டபம் எடுத்தாச்சு, ஹனோவரில இருந்தும் சனம் வாறன் எண்டு சொல்லியிருக்குது, இப்ப வந்து நிப்பாட்டு எண்டால் நான் எங்க போறது என்றார். அப்போது உனக்காக வாயைத் திறந்தது யார் தெரியுமா? வயிற்றெரிச்சல்காரன் என்று நீ சொன்ன அதே மனுசன். ரஞ்சினி, பெடியன் படிச்சுப்போட்டுத்தான் கதைக்கிறான், அந்தச் சொல்லும் பிழையில்லை, மேடையில வைச்சுக் கேளுங்கோ, அவன் பதில் சொல்லட்டும், வாயை மட்டும் கட்டாதேங்கோ என்று என்னோடு சண்டை பிடித்தார். சரி மாஸ்டர், அப்படியே செய்வம் என்றேன் நான். நானும் ஹலீனாவும் முன்வரிசையில் இருப்போம், அவள் எழும்பிக் கேட்பாள், இவன் இந்த நாட்டில் பிறந்து படித்தவன், அவளுடைய முகத்தைப் பார்த்து டொச்சிலேயே பதில் சொல்லட்டும், பிறகு இவன் என்னை வைத்துச் சிரித்த வீடியோவையும் திரையில் போடுங்கள், நானும் எழும்பி இரண்டு கேள்வி கேட்பேன் என்றேன். தாயும் மகனும் அடிபடுறதைப் பாக்கவோ சனத்தைக் கூப்பிடுறது என்றார் நாகமுத்து அண்ணை. அடுத்த நாளே கூட்டம் இல்லை என்று அறிவித்துவிட்டார். எனக்கு அதில் ஒரு துளி மனவருத்தமும் இல்லை.

அப்பா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. உன் அறையில் படுக்கிறார். நான் பக்கத்தில் நிற்கும்போதே தர்மிகாவைக் கூப்பிட்டு, கொம்மாவிட்டச் சொல்லு, எனக்குத் தேத்தண்ணி வேண்டாமாம் எண்டு என்கிறார். பிள்ளையின் வளர்ச்சியைத் தாயே வெட்டிவிட்டாளாம். முழங்கால் சத்திரசிகிச்சைக்கு அடுத்த மாதம் டெர்மின், ஒரு நாள், குறித்துக் கிடைத்திருக்கிறது, கதைக்காவிட்டாலும் நான்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும், டொக்டர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்து ஒன்றும் விளங்கவில்லை என்பார். தர்மிகாவுக்கு அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சியில் கடைசி வருடம், சோதனைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாகத் திரிகிறாள். அவளோடாவது மரியாதையாகக் கதை, போன முறை அவள் மீதும் பாய்ந்தாயாம்.

கூட்டம் நின்ற செய்தியை ஹலீனாவிடம் கொண்டுபோனேன். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக்கூட நிறுத்தவில்லை. நான் அதைக் கேட்கவில்லையே, ஒரு சொல்லைத்தானே கேட்டேன் என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது, உனக்காகத்தான் நான் பெற்ற பிள்ளையோடு பகைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவளிடம் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. பிறகு நீ அப்பாவிடம் போனில், எல்லாத்தையும் அழிச்சுவிடுறன், அம்மா சந்தோசமாய் இருக்கட்டும் என்று சொன்னதாகத் தர்மிகா சொன்னாள். கோபத்தில்தான் சொல்லியிருக்கிறாய், அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சந்தோசப்பட்டேன். நேற்றுக் காலை வேலைக்குப் போனதும் ஹலீனாவிடம், இனி அந்த வீடியோவே இருக்காது, அந்த வயலை ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள் என்றேன்.

அவள் ஈரக் கையுறையோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள், இன்னும் வலிக்கிறது. வேண்டாம், வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாள் என்று தெரியாது. அந்தக் கிராமம் இன்னும் ரஷ்யர்களிடம்தான் இருக்கிறதாம். ஒஸ்தாபை ஒருவரும் எடுத்துவரவில்லையாம். அவன் விழுந்துவிட்டான் என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்களே தவிர, பெட்டியும் இல்லை, குழியும் இல்லை. ஊர்ப் படம் என்று அவளிடம் ஒன்றும் இல்லை, எல்லாம் வீட்டோடு போய்விட்டது. உன் வீடியோவில் மேலேயிருந்து தெரிகிறதே ஒரு வயல், வாய்க்கால் கரையில் ஆட்கள் கிடக்கிறார்களே, அது அவளுடைய வீட்டுக்குப் பின்பக்கமாம். முதலில் அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எடுத்துவிடச் சொன்னாளாம், இப்போது ஒவ்வொரு நாளும் வேலைக்கு வர முன்பு பேருந்து நிலையத்தில் நின்று அதைப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்திவைத்துப் பார்க்கிறாளாம். உன் நகைக்கடை விளம்பரம் எங்கே தொடங்கும் என்பதும் அவளுக்கு மனப்பாடம், அது வர முன்பு நிறுத்திவிடுவாளாம். கிடப்பவர்களில் ஒருத்தன் அவனாயிருக்கலாம், ஒருத்தனும் அவனில்லாமலும் இருக்கலாம், ஆனால் மண் அதுதான் என்றாள்.

ஆகவே சஞ்சயன், அழிக்காதே. இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். என் மேல் உள்ள கோபத்தில் கை வைத்துவிடாதே, வேறு எதை வேண்டுமானாலும் அழி, என்னை வைத்துச் சிரித்ததை முதலில் அழி, இதை மட்டும் விடு. அந்தச் சொல்லை மாற்ற உனக்கு மனம் வந்தால் மாற்று. வராவிட்டாலும் விடு, அவள் அந்த எழுத்தின் மேல் பெருவிரலை வைத்து மறைத்துக்கொண்டுதான் பார்க்கிறாள்.

என் கோபம் தீரவில்லை, தீர்ந்துவிட்டது என்று அப்பா சொன்னால் நம்பாதே. டிசம்பர் நத்தார் விடுமுறைக்கு எடுத்த டிக்கெட்டை மாற்றாமல் வா, சோறு போடுவேன், கதைப்பேனா என்பது தெரியாது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்பாள் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், உன் தலைமுடியில்கூட ஒரு தீங்கும் படக்கூடாது. அம்புறோஸ் மாஸ்டருக்குப் போன் எடுக்க மறந்துவிடாதே, வீடியோவில் இல்லை, போனில்.

உன்னைப் பெற்றவள்,
ரஞ்சினி ஞானசுந்தரம்