கள்ள எடை

திருத்தணி
விய வருஷம், ஆனி மாதம்

பம்பாய் ரயில் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டும் ராஜவேலு அண்ணாவுக்கு, இங்கே அம்மாவோடு மல்லுக்கட்டும் தங்கை அம்சா வணக்கம் சொல்லி எழுதுவது. நீ அனுப்பிய பாவாடைத் துணி வந்தது. ஒவ்வொரு பூவும் பூசணிப்பூ அளவு இருக்கிறது. உடுத்திக்கொண்டு தெருவில் போனால் மாடு மேய்ந்துவிடும் என்று பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

"நைனா தேறிக்கினு வராரு, கவலப்படாதே" என்று போன வாரம் ஒரு கடிதம் வந்திருக்குமே, அது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. இதை நம்பு.

வெல்லமண்டிக்காரரை வெல்ல ஒரு வியாதி வந்திருக்கிறது, அதுவும் இருதயத்தில், என்று உனக்குத் தெரியும். நீ பங்குனியில் வந்து போன பிறகு நைனாவுக்குக் கால் வீங்கியது, பிறகு வயிறு. அம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். ஆட்டுக்கால் சூப்பும் நெய்யும்தான் சதை போடுகிறதாம். மண்டியில் வெல்லம் நிறுக்கிற பெரிய தராசில் வெள்ளிக்கிழமைதோறும் அவரை உட்கார வைத்து நிறுப்பாள். தட்டு இறங்க இறங்க அவள் முகம் மலரும். அவருடைய கன்னம் ஒட்டிப்போனதையும், தோளெலும்பு துருத்திக்கொண்டு நிற்பதையும் அவள் பார்க்கவில்லை. தராசைத்தான் பார்த்தாள்.

அரக்கோணத்து டாக்டர் பக்தவச்சலம் வந்து நைனாவின் காலை அழுத்தினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. அது சதையில்லை, தண்ணீர் என்றார். இருதயம் கெட்டுப்போனால் சாப்பாடு உடம்பில் ஒட்டாதாம். உள்ளே சதை கரைந்துகொண்டே போகும், மேலே தண்ணீர் அதை மூடிவைக்கும் என்று சொல்லி, நீர் பிரிய ஊசி போட்டார். நைனா கொல்லைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். மூச்சு லேசாகி, எத்தனையோ நாளைக்குப் பிறகு கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு மேலே போய்விட்டது. தண்ணீர் வடிந்ததும் அடியில் இருந்த நைனா வெளியே தெரிந்தார். கொடியில் போட்ட வேட்டிதான். "கல்லாட்டம் இருந்த மனுசன மூத்திரமா எறக்கிட்டானே பாவி!" என்று டாக்டரைத் திட்டித் தீர்த்து, ஊசியே கூடாது என்றுவிட்டாள் அம்மா. மறுபடி வீங்கியது. நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அலைந்தார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், பட்டினி கிடந்தும் பார்த்தேன். பலிக்கவில்லை. அம்மாவுக்கு நிறையில்தான் குறை.

கடைசியில் பந்தயம் கட்டினேன். இன்னொரு தரம் ஊசி போடட்டும், எடை குறைந்தால் டாக்டரை நானே வாசலோடு அனுப்பிவிடுகிறேன் என்றேன். அம்மா ஒப்புக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வீசைக் கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு நைனாவிடம் போனேன். திருவாலங்காட்டுக் கரும்புக்காரர்களிடம் ஒரு பலம்கூட ஏமாற்றாத மனுஷன், அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "ஆங், கள்ள எட போட எனுக்கே கத்துக்குடுக்கிறியாடி? இறுக்கிக் கட்டு. அவுந்து வுழுந்தா மானம் பூடும்" என்றார். போர்வையைச் சுற்றிக்கொண்டு தட்டில் ஏறினார். எடை குறையவில்லை. அம்மா டாக்டருக்கு மோர் கொடுத்தனுப்பினாள்.

அன்றிலிருந்து ஊசி தவறுவதில்லை. நைனாவால் படுக்க முடிகிறது, என்னோடு விடுகதை போட முடிகிறது. ஆனால் வாரா வாரம் கல்லைத்தான் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. டாக்டரை வழியனுப்பப் போனபோது கேட்டேன். "தண்ணிய நான் எறக்கிடுவேம்மா. சதைய ஏத்த எங்கிட்ட மருந்து இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை கல்லைக் கட்டியதும் நைனாவால் எழுந்து நிற்க முடியவில்லை.

இப்போது சங்கதி என்னவென்றால், நைனா தேறிவிட்டார் என்று அம்மா வேண்டுதலுக்கு நாள் குறித்துவிட்டாள். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறுநாள், மலைமேல் சாமி சன்னதியில் அவர் எடைக்கு எடை வெல்லம் கொடுக்கப் போகிறாள். டோலிக்குச் சொல்லியாயிற்று. சொந்தபந்தத்துக்கெல்லாம் ஆள் போயாயிற்று. அங்கேயும் கல்லைக் கட்டிவிடலாம் என்றேன். நைனா வேண்டாமென்று தலையாட்டினார். "வூட்டுத் தராசுல உங்கம்மாவுக்காவப் பொய் சொன்னேன். சாமி தராசுல நான் எப்டி கீறேனோ அப்டியே ஏறிடறேன், வுடு" என்றார். கோபமில்லை, வருத்தமுமில்லை. பெரியவன் அதற்குள் வருவானா என்று மட்டும் கேட்டார். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

அதனால் நீ வர வேண்டும் அண்ணா. உன் மேஸ்திரியின் மனசில் முருகன் புகுந்து லீவு கொடுக்கட்டும். ஊரார் முன்னால் அந்தத் தட்டு மேலே போகும்போது அம்மாவின் பக்கத்தில் நீ நிற்க வேண்டும். நான் நின்றால் போதாது, அவள் கையை நீதான் பிடித்துக்கொள்ள வேண்டும். நைனாவைத் தூக்கித் தட்டில் உட்காரவைக்க ஆள் வேண்டுமே என்று மட்டும் யோசிக்காதே. அதற்கு நான் ஒருத்தியே போதும்.

உன் வருகைக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அம்சா