பிடிக்காத அம்மைப்பால்

1957 மார்ச் 14, வியாழன்

எட்டு நாளுக்கு முன் கல்முனைக்குடியில் நாற்பது பிள்ளைகளுக்கு அம்மைப்பால் கட்டினேன்; பெரியம்மை வராமல் இந்தத் தடுப்பு மருந்தைக் கையில் கீறி வைப்பதுதான் என் வேலை. என் மகள் சபியாவும் அதில் ஒருத்தி. இன்று காலை அவள் கையைப் பார்த்தேன். பால் பிடித்திருந்தால் இதற்குள் எழும்பியிருக்க வேண்டிய கொப்புளம் எழும்பவேயில்லை. மற்ற வீடுகளுக்கும் காரணம் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கும் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஓடினேன். "பால் வெயில்ல கெட்டிருக்குமா ஐயா?" என்றேன்.

"இருக்கலாம். எனக்கு வேற சந்தேகம். பாலில இருக்கிற கிருமி பெருகக்குள்ள சின்னச் சின்னப் பிழை விழும். பாலைக் கன்றுக்குட்டித் தோலில வளர்க்கிறவங்க, ஒரு கன்றில இருந்து துளி எடுத்து அடுத்த கன்றுக்கு ஏத்துறாங்க. அந்தத் துளியில நல்லது அகப்படாட்டி, பிழையுள்ளதுதான் பெருகும். பிழைக்கு மேல பிழை சேர்ந்தா, கடைசியில பால் பிடிக்காது."

பெரியம்மை கண்ட தோணிக்காரர் வீட்டுக்கு மூன்று நாளாகக் கஞ்சி கொண்டுபோவது சபியாதான். பால் கட்டியாயிற்று, பயமில்லை என்று அனுப்பியது நான்.

டாக்டர் வேறு பெட்டியிலிருந்து தந்த பாலை மாலையில் அவளுக்குக் கட்டினேன்.

"ஏன் வாப்பா திரும்பக் கட்டுறீங்க?" என்றாள். "இனி அந்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோக வேணாம்" என்றேன். இது பிடிக்குமோ, பிடித்தாலும் அம்மையை முந்த நேரம் இருக்கிறதோ, அல்லாஹ்தான் அறிவான்.

மற்றப் பிள்ளைகளின் தாய்தகப்பன்மாருக்கு இன்னும் தெரியாது. நாளை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் எழும்பிச் சொல்லப்போகிறேன். அவர்களில் எத்தனை பேர் என் சொல்லை நம்பி, பிள்ளைகளோடு அந்த வீட்டுக்குப் போய்வந்தார்களோ.